‘பைக்கும்’ என்பவர் யார்? – ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் ஆகஸ்ட் 9 மகளிர் நாளையொட்டித் தங்கள் இதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். 1956ஆம் ஆண்டு அதே நாளில் பிரிட்டோரியாவின் யூனியன் மாளிகை முன் ஏறத்தாழ 20,000 பெண்கள் கூடியதை நினைவூட்டியதும், தில்லையாடி வள்ளியம்மையின் படத்தைப் பெரிதாக வெளியிட்டதும், காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் 1913இல் சிறை சென்ற டிரான்ஸ்வால் மாகாணத் தமிழ்ப் பெண்களின் பட்டியலைக் கட்டம் கட்டித் தந்ததும் பாராட்டத்தக்கவை. எனினும் அந்தப் பட்டியல்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. தாங்கள் பிழை செய்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஏறத்தாழ நூறாண்டாக எல்லோரும் அச்சிட்டு வரும் அதே வடிவில்தான் தாங்களும் அதை அச்சிட்டிருக்கிறீர்கள். குறை அந்த வடிவத்தில் இருக்கிறது.

அப்பட்டியலில் பதினொரு பேர். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேசப் பிள்ளை, திருமதி ஏ. பெருமாள் நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி கே. சின்னசாமிப் பிள்ளை, திருமதி என்.எஸ். பிள்ளை, திருமதி ஆர்.ஏ. முதலிங்கம், திருமதி பவானி தயாள் என்று ஒன்பது பேரும் கணவர் பெயரால் நிற்கிறார்கள். மணமாகாத இருவர் மட்டுமே சொந்தப் பெயரோடு வருகிறார்கள்: ஒருவர் மீனாட்சி பிள்ளை, மற்றவர் ‘பைக்கும்’ முருகேசப் பிள்ளை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வழிவழியாக எடுத்தாளப்படும் பட்டியல் இது. பவானி தயாளின் மனைவி ஜக்ராணி தவிர மற்ற அனைவரும் தமிழர் என்பதையும், அவர்களில் ஆறு பேர் கைக்குழந்தையோடு புறப்பட்டார்கள் என்பதையும் அந்நூலே சொல்கிறது. குழந்தைகளைக் கூட எண்ணியிருக்கிறார்கள்; தாய்களின் பெயரைத்தான் எழுதவில்லை.

இந்தப் பதினொருவர் செய்தது சிறிய காரியமல்ல. முதலில் வெரீனிகிங் சென்று, உரிமம் இல்லாமல் கூடை சுமந்து பொருள் விற்றுப் பார்த்தார்கள்; காவலர்கள் அவர்களைக் கைது செய்யவில்லை. பிறகு அனுமதிச் சீட்டின்றி நேட்டால் எல்லையைக் கடந்தார்கள். அப்போதும் கைது செய்யவில்லை. ஆகவே முன்பே பேசி வைத்தபடி நியூகாசில் நகருக்குப் போய், அங்கிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர் மீது ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியை நீக்கும்வரை வேலைக்கு இறங்க வேண்டாம் என்று அவரவர் மொழியில், தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும், எடுத்துச் சொன்னார்கள். 1913 அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலை நின்றது. அக்டோபர் 21 அன்று பெண்கள் கைதானார்கள். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையில் துணி வெளுத்தார்கள். சுரங்கத்தில் பற்றிய வேலைநிறுத்தம் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவி, அவ்வரியை நீக்கிய 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டத்தில் போய் முடிந்தது. இவ்வளவையும் தொடங்கி வைத்தவர்களில் ஒன்பது பேரின் பெயர், கணவர்களின் தலைப்பெழுத்துகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது.

‘பைக்கும்’ என்ற பெயரைச் சற்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்குமாறு தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் அப்படி ஒரு பெயர் இல்லை. தமிழ் வாயில் பிறந்த பெயர் குஜராத்திக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இன்று நம்மிடமே திரும்பி வரும்போது நமக்கே அடையாளம் தெரியாமல் நிற்கிறது. என் ஊகம், அந்தப் பெண்ணின் பெயர் பாக்கியம். இது ஊகம்தான், ஆவணத்தைக் கண்டு சொல்லவில்லை. ஆனால் இந்த ஊகத்தைத் தமிழ் காதில் விழுந்து வளர்ந்த ஒருவர்தான் செய்ய முடியும். நம் பல்கலைக்கழகங்களில் இந்தியப் பெண்கள் வரலாற்றை அரும்பாடுபட்டு ஆராய்பவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த நமக்கோ அந்த ஆவணங்கள் இருக்கும் அறையின் வாசல் தெரியாது. இவ்விரு சாராரும் ஒரு மேசையில் உட்காராத காரணத்தால் எத்தனை பாக்கியங்கள் பைக்கும்களாகக் கிடக்கிறார்கள்!

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சீர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடக்காத அல்லது பதிவு அதிகாரி முன் நடக்காத திருமணங்களைச் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் ஆக்கியது. நம் பெண்கள் ஒரே நாளில் மனைவியரல்லாதவர் ஆனார்கள். அந்த அவமானத்தை எதிர்த்துத்தான் அவர்கள் சிறை சென்றார்கள். அப்படியிருக்க, ‘திருமதி’ என்பது அவர்கள் போராடி வென்ற பட்டமல்லவா, அதை ஏன் குறை சொல்கிறீர்கள் என்றார். அப்பட்டத்தை நான் பிடுங்கச் சொல்லவில்லை. மனைவி என்று அழைக்கப்படும் உரிமைக்காகச் சிறை சென்றவரை, மனைவி என்பதைத் தவிர வேறு எதுவாகவும் நாம் குறித்து வைக்கவில்லை என்பதே என் வருத்தம். தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள். அதைத் தேடியவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆகவே தேடினால் கிடைக்கும். நம் வீடுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் ஆயா தம் வாழ்நாளில் ஒருமுறை கூட எங்கள் தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, கடைசியில் கணவன் பெயரே ஒரே அடையாளமாக மிஞ்சுகிறது.

நான் இந்தத் தேடலில் இறங்கியது ஆராய்ச்சிக்காக அல்ல. சாட்ஸ்வொர்த் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், பேத்தி ஒருத்தி பள்ளி வேலைக்காகக் குடும்ப மரம் வரைய உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் கிளை கிளையாக நிரம்பியது. பெண்கள் பக்கத்தில் என் ஆயாவைப் பெற்ற தாயின் இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் வீட்டில் அவரை எல்லோரும் ‘டோங்காட் ஆயா’ என்றே சொல்வார்கள். டோங்காட் கரும்புத் தோட்டத்தில் இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். ஊர் பெயரே ஆள் பெயராகிவிட்டது. அவர் கணவரின் ஒப்பந்த விடுதலைச் சீட்டு ட்ரங்குப் பெட்டியில் மடிப்பு கிழிந்தும் பத்திரமாக இருந்தது. டோங்காட் ஆயாவின் சீட்டு இல்லை. டர்பனின் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் கிளேர்வுட்டிலிருந்தும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் நம்மவர்கள் பெயர்க்கப்பட்டபோது எதை எடுத்து வருவது, எதை விட்டு வருவது என்று முடிவு செய்தவர்கள், ஆண்களின் காகிதங்களை எடுத்து வந்தார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கும் வாடகைக்கும் தேவைப்பட்ட காகிதங்கள் அவைதாம்.

வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். இந்நாட்டில் ஒருவர் இறந்து அவர் சொத்து விவகாரம் உச்ச நீதிமன்ற அலுவலகத்துக்குப் போயிருந்தால், அக்கோப்பில் ‘மரண அறிவிப்பு’ என்று ஒரு படிவம் இருக்கும். இறந்தவரின் தாய், தந்தை, மனைவி, மக்கள் எல்லோருடைய பெயரும் அதில் கேட்கப்படும். என் ஆயாவின் தம்பி ஒருவர் சிறு காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர். அவருடைய கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடல் பட்டியலில் அதன் எண்ணைக் கண்டெடுத்துக்கொண்டு ஒரு நாள் காலை பேருந்தேறிப் போனேன். ‘தாயின் பெயர்’ என்ற வரிக்கு எதிரே ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அறுபத்தெட்டு வயதில், என் ஆயாவைப் பெற்றவளின் பெயரை முதல் முறையாகப் படித்தேன். அப்பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பெயர் கிடைத்தபின் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்ததில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள் என்பதும், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதும் நம்மில் பலர் அறிந்ததே. ஒவ்வொருவரையும் பற்றி அப்பட்டியல்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளக் குறி. கவனியுங்கள், தந்தை பெயர். பெண்ணுக்கும் தனி எண், தனிப் பெயர், அவள் பிறந்த ஊர், அவள் உடலில் இருந்த வடு. ஓடிப்போனால் பிடித்து வருவதற்காகத்தான் வெள்ளைக்காரன் வடுவை எழுதி வைத்தான், அன்பினால் எழுதவில்லை. ஆனாலும் அவளைக் கூலியாக எண்ணியவன் பெயரோடு எண்ணியிருக்கிறான், தாயாகக் கும்பிட்ட நாம் பெயரைத் தொலைத்திருக்கிறோம் என்பதை அந்த வாசிப்பறையில் உட்கார்ந்து நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் தேடிய பெயரை ஒத்த எழுத்துக்கூட்டலில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருவர் விசாகப்பட்டினம் ஜில்லா. எங்கள் குடும்பம் ஆற்காட்டுப் பக்கம் என்பது மட்டும் உறுதியாகத் தெரியும் ஆதலால் அவரை விலக்கினேன். இன்னொருவர் வயது பொருந்தவில்லை. மூன்றாமவரின் கிராமப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் எந்தத் தமிழ் ஊரும் நினைவுக்கு வரவில்லை. கோயிலுக்கு வரும் முதியவர் ஒருவரிடம் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, அது வாலாஜா தாலுகாவில் ஓர் ஊர் என்று சொல்லி, சரியாக உச்சரித்தும் காட்டினார். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். ஊரின் முதல் எழுத்தையே விழுங்கியிருக்கிறான். உடல் அடையாளம் என்ற கட்டத்தில், இடது முன்கையில் தீ வடு என்று இருந்தது. சோறு வடிக்கும்போது சூடுபட்டது என்று தம் தாயின் கையைப் பற்றி ஆயா சொன்ன கதை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அதற்குமேல் நான் ஆவணம் தேடவில்லை.

தேடலின் கடுமையான பகுதி அதற்குப் பிறகு வந்தது. டோங்காட் ஆயா கணவனோடு கப்பலேறி வந்தார் என்பதே எங்கள் குடும்பக் கதை. பட்டியலில் அவர் தனியாக, ஒரு கைக்குழந்தையோடு வந்திருக்கிறார். என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. “அக்கா, இதோடு விட்டுவிடு” என்றான். விடலாமா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தனியாகக் கப்பலேறிய பெண்களைப் பற்றித் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் கேவலமாக எழுதி வைத்தார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது ஏற்றியாக வேண்டும் என்ற விதிக்காக ஆள்பிடித்தவர்களே பிறகு அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். கணவனை இழந்தவள், கைவிடப்பட்டவள், பஞ்சத்தில் குடும்பம் சிதறியவள் ஆகியோருக்கு வேறு எங்கே போக இடமிருந்தது என்று எவரும் எழுதவில்லை. ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடலைக் கடந்து வந்து, ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் என்றால் தனக்கு அதில் பாதி என்ற கணக்கில் கரும்புக்குக் களை வெட்டிப் பிழைத்தவளை நாம் எதற்காக ஒரு கற்பனைக் கணவனுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும்? எனினும் என் உடன்பிறந்தவர்கள் அனைவரும் மனமொப்பும்வரை அவர் பெயரை அச்சில் ஏற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெண்கள் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இதையும் ஒரு முறைமையாகக் கொள்ள வேண்டும். பட்டியலில் சாதிக் கட்டம் ஒன்றும் இருக்கிறது; அதைத் தோண்டி எடுத்து மற்றவர் வீட்டு வாசலில் கொட்டுவதற்காக இந்த ஆராய்ச்சி இல்லை.

வள்ளியம்மையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். தங்கள் சிறப்புப் பக்கத்தில், அவர் தம் சேலையைக் கிழித்து மூவர்ணக் கொடி என்று சிறை அதிகாரியிடம் காட்டியதாக ஒரு செய்தி வந்திருந்தது. கேட்க மெய்சிலிர்க்கும் கதை. ஆனால் அவருடைய மரணப் படுக்கையருகே நின்ற காந்தியடிகளின் எழுத்தில் அது இல்லை. காங்கிரசு காவி, வெள்ளை, பச்சை என்ற கொடியை ஏற்றதே 1931இல். வள்ளியம்மை இறந்ததோ 1914 பிப்ரவரி 22. அவருக்குப் பதினாறு வயது. 1913 டிசம்பர் 22 அன்று தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, ஜனவரி 11 அன்று வெளியே வந்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டபோது, இப்போதே கைது செய்தாலும் போகத் தயார் என்றார் அந்தப் பெண். இதைவிடப் பெரிய கொடி எதற்கு? பிறந்து வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி அவர் கண்ணால் காணாத ஊர். சென்னையில் அவர் பெயரில் மாளிகை இருக்கிறது, இந்திய அரசு 2008இல் அஞ்சல்தலை வெளியிட்டது, ஆனால் பிராம்போன்டைன் இடுகாட்டில் 1914 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட அவர் கல்லறைக்கு நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அழைத்துப் போயிருக்கிறோம்? அவரோடு போராட்டத்துக்கு வந்த தாயைப் பற்றி ஒரு வரியாவது பேசியிருக்கிறோமா? ஒருவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவரைப் பற்றி ஆராய வேண்டிய வேலை மிச்சம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவருக்குப் பக்கத்தில் நடந்தவர்களும் அந்த ஒளியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

1913 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்து காந்தியடிகளோடு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தவர்களின் கணக்கு நமக்குத் துல்லியமாகத் தெரியும்: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். வழியில் ஒரு குழந்தை குளிரில் இறந்தது. இன்னொரு குழந்தை, ஓடை ஒன்றைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி வெள்ளத்தில் போனது. அந்தத் தாய்கள் நிற்காமல் நடந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த 127 பேரில் எத்தனை பெயர்களை நம் தமிழ்ச் சங்கங்களில் எவராவது சொல்வார்கள்? அவர்கள் சுரங்கங்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. எண் இருந்தால் கப்பல் இருக்கும், கப்பல் இருந்தால் ஊர் இருக்கும். மூன்று பவுன் வரி 1903க்குப் பிறகு பதின்மூன்று வயதுச் சிறுமியின் தலையிலும் விழுந்தது என்பதையும், மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஒரு பெண்ணின் முதலாண்டுக் கூலிக் கணக்கில் பன்னிரண்டு மாத உழைப்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவர்கள் ஏன் நடந்தார்கள் என்பதை எந்தத் தலைவரும் அவர்களுக்கு விளக்கியிருக்கத் தேவையில்லை என்று தோன்றுகிறது.

பின்னாளில் வந்த சிலர் இந்தத் தவறு தமக்கு நேராமல் தாமே எழுதி வைத்தார்கள். 1906இல் டர்பனில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1946ஆம் ஆண்டு சாத்வீக எதிர்ப்பில் சிறை சென்ற டாக்டர் குணம், தம்மை இழிவாக அழைத்த சொல்லையே தலைப்பாக வைத்து ‘கூலி டாக்டர்’ என்று 1991இல் தம் வாழ்க்கையை எழுதினார். எஸ்ட்கோர்ட்டில் பிறந்த வழக்கறிஞர் பிலிஸ் நாயுடு, 1979இல் லெசோத்தோவில் பொட்டல வெடிகுண்டில் காயமுற்றும், பின்னர் மகனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தும், போராட்டத்தில் மாண்ட மற்றவர்களின் பெயர்களைச் சேர்த்து நூல்களாக அச்சிடுவதில் தம் கடைசிக் காலத்தைச் செலவிட்டார். வீரம்மாளின் பேத்தி சாந்தி நாயுடு, 1969இல் தனிச்சிறையில் அடைக்கப்பட்டும் வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தார். ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உலகமே சொல்கிறது.

எழுதத் தெரியாதவர்கள், எழுத நேரமில்லாதவர்கள் கதைதான் கைநழுவிக்கொண்டிருக்கிறது. விடியுமுன் கீரைக்கட்டும் மிளகாயும் கூடையில் சுமந்து வார்விக் சந்தைக்குப் போனவர்கள், டர்பன் தையல் ஆலைகளில் நின்றே கால் வீங்கியவர்கள், அரசு உதவித்தொகைக்கு ஈடாகச் சமூகம் பணம் சேர்த்தாக வேண்டும் என்றபோது முறுக்கும் சமோசாவும் சுட்டு விற்றுப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள், ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் காய்ச்சியே முதுகு கூனியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளிகளின் அடிக்கல்லில் செயலாளர் பெயரும் பொருளாளர் பெயரும் பொறித்திருக்கிறது. முறுக்கு சுட்டவர் பெயரைக் கல்லில் தேடிப் பயனில்லை. அவரிடமே போய்க் கேட்க வேண்டும். கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். “பாட்டி, நீங்கள் என்ன சாதித்தீர்கள்?” என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால், “நான் என்னம்மா சாதித்தேன், வீட்டில் இருந்தேன்” என்றுதான் பதில் வரும். இதை நான் என் காதாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். “திங்கட்கிழமை காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், முதல் வேலை என்ன, சந்தைக்கு எந்த வண்டி, யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், பணத்தை எங்கே முடிந்து வைப்பீர்கள்” என்று கேட்டால், ஒன்றரை மணி நேரம் பேச்சு நிற்காது. அதை எழுதுபவர், அவர் சொன்ன சொல்லிலேயே, நம் டர்பன் தமிழிலேயே எழுதி வைக்கட்டும். இலக்கணம் திருத்த வேண்டாம். வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுத்தூலி ஆவண மையத்தில் இத்தகைய குரல்கள் சில சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அங்கே நம் வீட்டுக் குரலும் போய்ச் சேர வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தங்கள் இதழில் வரும் இரங்கல் அறிவிப்புகளில் பெண்களைக் கணவர் பெயரால் மட்டும் குறிக்கும் வழக்கத்தை இம்மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். ‘திருமதி’ இருக்கட்டும், குடும்பப் பெயர் இருக்கட்டும். அவற்றோடு இறந்தவரின் சொந்தப் பெயரும், கிடைத்தால் அவர் தாயின் பெயரும், பூர்வீக ஊரும் இருக்கட்டும். விளம்பரத்தில் இரண்டு வரி கூடும் என்றால் அவ்விரண்டு வரிக்குக் கட்டணம் வாங்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது ஆண்டு கழித்துத் தேடுகிற பேத்திக்கு அதுதான் முதல் படியாக இருக்கும்.

மற்றொன்று வாசகர்களின் உதவி சம்பந்தப்பட்டது. கப்பல் பட்டியல்களிலிருந்து, என்னாலும் கோயில் நண்பர்களாலும் எவ்வளவு முயன்றும் அடையாளம் காண முடியாத பதினான்கு ஊர்ப் பெயர்களை, பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே தனித் தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். எல்லாம் பெண்களின் பெயருக்கு நேரே இருந்த ஊர்கள். பெண்களின் பெயரையும் எண்ணையும் வேண்டுமென்றே எழுதவில்லை. வட ஆற்காடு ஜில்லா ஒன்பது, சேலம் மூன்று, தஞ்சாவூர் இரண்டு. அடுத்த இதழில் அதை வெளியிட்டால், உரக்கப் படித்துப் பார்க்கும் வாசகர் எவருக்காவது தம் பாட்டி சொன்ன ஊர் காதில் விழக்கூடும். தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் அங்கும் அனுப்பிக் கேட்கலாம். விடைகளைத் தங்கள் அலுவலக முகவரிக்கே அனுப்பச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நான் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன். வட ஆற்காட்டு வரிசையில் நான்காவதாக உள்ள ஊரைச் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிட முடியுமானால் நலம். அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேத்திக்கு இப்போது எண்பத்தொன்பது வயது, கண் பார்வை மங்கிவருகிறது, செய்தித்தாளைத் தாமே படிக்க வேண்டும் என்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.